அங்கிக் கம்பி

பிப்ரவரி 11, ஞாயிறு

மகள் பிரிசி வேலை பார்க்கும் பேங்கில் கொடுத்த டைரி இது. ஒரு மாதமும் பத்து நாளும் காலியாகவே போய்விட்டது. முப்பது வருஷம் பாடக்குறிப்பு எழுதிய கை, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றதும் மளிகைச் சீட்டைத் தவிர வேறு எதுவும் எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இன்றைக்கு எழுத ஒரு காரணம் வந்தது.

காலையில் இவர் கார் சாவியை என் கையில் வைத்தார். "குளோரி, இனிமே ஞாயித்துக்கிழமை நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்து பிரசங்கத்த யோசிச்சிட்டு வாறேன்" என்றார். முப்பத்தைந்து வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே யோசித்தவர். ஏப்ரல் முப்பதோடு ஓய்வு என்பதால் இப்போதே சோம்பல் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் கிறிஸ்தவப் போதகர், எங்கள் பக்கத்து வழக்கில் ஐயர். இவர் பொறுப்பிலுள்ள சேகரத்தில் நாலு கோயில். தாவீதுபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் குருமனைக்குப் பக்கத்திலேயே ஆறு மணிக்கு முதல் ஆராதனை. பிறகு காரில் ஏறி ஆனந்தபேரி, மேலக்கரிசல், சாலோம்நகர். எங்கள் பக்கத்து வெயிலுக்கு ஒரு அங்கி ஒரு ஆராதனைக்குத்தான் தாங்கும். முதல் அங்கியை வீட்டிலேயே போட்டுக்கொள்வார். மற்ற மூன்றும் பின்சீட்டுக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு வரும். இன்று நான் திருப்பங்களில் வேகமாகத் திருப்பினேனாம், மூன்று அங்கியும் தன் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தனவாம். "மூணு ஐயர்மாரு சேந்து என்னைய அடிச்சாவ" என்று சாலோம்நகரில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். லெந்து தொடங்கிவிட்டது. கறி மீன் கிடையாது, நாற்பது நாளும் தோளில் போடும் பட்டை ஊதா நிறம். பெட்டியைத் திறந்து ஊதாப் பட்டைகளை வெயிலில் போட்டேன். கம்பிக்கும் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டேன்.

அந்தக் கம்பிக்கு இருபத்தெட்டு வயது. அது வந்த கதையை எழுதியே ஆக வேண்டும். அப்போது எங்களிடம் பழைய பியட் கார். அங்கியை மடித்துப் பின்சீட்டில் வைப்போம். ஒரு கோயிலில் அறுப்புப் பண்டிகை முடிந்து, காணிக்கையாக வந்த கோழியை யாரோ ஒரு பக்திமான் காலைக் கட்டிப் பின்சீட்டில் வைத்துவிட்டார். அது அங்கிமேல் ஏறி உட்கார்ந்து ஆற அமர வேலையை முடித்துவிட்டது. அடுத்த கோயிலில் மணி அடித்தாயிற்று, மாற்று அங்கி இல்லை. கறையை வேதாகமத்தால் மறைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஆராதனை நடத்தினார். மறுவாரமே திருநெல்வேலி ஜங்ஷனில் காஜா பாயின் லேத் பட்டறையில் போய் நின்றார்.

காஜா பாய் இரண்டு பக்கத்துக் கைப்பிடிக்கும் நடுவே குழாய்க்குள் குழாயாக ஒரு கம்பி செய்து கொடுத்தார். இழுத்தால் நீளும், நடுவில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் உள்ளே ஓடிப்போகும். ஆள் ஏற வேண்டுமானால் உள்ளே தள்ளிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை இழுத்துக்கொள்ளலாம். "கர்த்தருக்குச் செய்யுத வேல, துரு பிடிக்கப்படாது" என்று இவர் சொன்னதற்கு, "யார் கர்த்தரா இருந்தாலும் எம் பட்டறை வேலை துரு பிடிக்காது ஐயா" என்றாராம் பாய். உண்மைதான். கார் மூன்று மாறிவிட்டது. ஏழு சேகரம் மாறிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் கம்பியைக் கழற்றி அடுத்த காரில் மாட்டியிருக்கிறோம்.

பிரிசி அந்தக் கம்பிக்குக் கீழேதான் வளர்ந்தாள். நாலாவது கோயிலுக்குப் போவதற்குள் தூங்கிவிடுவாள். அங்கியின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அந்தக் கசங்கலை நான் தண்ணீர் தெளித்து நீவிவிடுவேன். இப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. ஏப்ரல் நாலாம் தேதி கல்யாணம். எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

திருநெல்வேலிக்குப் போய் வந்தோம். சர்க்கரை பார்க்க என்று, கோயிலில் இவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறோம். டாக்டர் சின்னப் பெண், நன்றாகப் பேசினாள். அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. சொட்டு மருந்து மூன்று வேளை.

பிப்ரவரி 23, வெள்ளி

இனிமேல் சாப்பாட்டு நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கான வேதபாடத்தை நான் சத்தமாக வாசிக்க வேண்டுமாம். "ஒன் கொரல்ல கேட்டா மனசுல நிக்கி" என்கிறார். கல்யாணமான புதிதில்கூட என் குரலைப் பற்றி இவர் ஒன்றும் சொன்னதில்லை. ஒரே அதிகாரத்தை ஏழு தடவை வாசித்தேன். ரசம் ஆறிப் போயிற்று.

மார்ச் 2, சனி

போன ஞாயிறு ஆனந்தபேரியில் வேர்வையில் நனைந்த அங்கியையே மேலக்கரிசலிலும் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். நினைவில்லாமல்தான். அதனால் இன்று அங்கிகளின் கழுத்துப் பட்டியில் ஊக்கு குத்தினேன். ஒரு ஊக்கு ஆனந்தபேரி, இரண்டு ஊக்கு மேலக்கரிசல், மூன்று சாலோம்நகர். எனக்குத்தான் குழப்பம் வருகிறது, அதற்காகத்தான் குத்தினேன்.

மார்ச் 3, ஞாயிறு

முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பு வாசிப்பதை எங்கள் பக்கம் ஓலை வாசிப்பது என்போம். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓலை வாசித்தவர், இன்று தன் மகளுக்கு வாசித்தார். மாப்பிள்ளை ஜெபின் பெயரையும், அவன் அப்பா அம்மா பெயரையும், நாகர்கோவில் சபையின் பெயரையும் கணீரென்று சொன்னார். தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் அறிவிக்கும்படி கேட்டுவிட்டு, "இது முதல் ஓலை" என்று முடித்தார்.

இவர் கையிலிருந்த காகிதம் தலைகீழாக இருந்தது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததால் தெரிந்தது. எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதிவிட்டேன்.

மார்ச் 4, திங்கள்

மத்தியானம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டேன்.

"எம்புட்டு தெரியுது?"

"வெளிச்சம் தெரியுது. ஆளு நிக்கது தெரியுது. எழுத்து கிறிஸ்மஸோட போச்சு" என்றார்.

"டாக்டர் போன பார்வை திரும்பாதுன்னு சொன்னா. இருக்கதையாவது காப்பாத்திக்கிடணும்னு சொன்னா. லீவு போடுங்களேன்."

"லீவு போட்டா வேற ஐயர அனுப்பிருவாவ. அப்புறம் பிரிசிக்கு யாரு கல்யாணம் நடத்துவா? ஊருக்கெல்லாம் நான் நடத்தி வச்சேன். எம் புள்ளைக்கு எவனோ வந்து நடத்தணுமா? ஒரு மாசம் குளோரி. நாலாந்தேதி முடியட்டும், நானே பேராயருக்கு எழுதிருதேன். யாருக்கும் தெரிய வேண்டாம். பிரிசிக்கும்."

இவ்வளவுதான் விஷயம். இவருக்கு இருக்கிற ஒரே ஆசை. ஜெபப்புத்தகம் முழுக்க மனப்பாடம், பாமாலை மனப்பாடம். மற்றதற்கு நான் இருக்கிறேன். நான் பயந்தாங்கொள்ளி, ஆனால் பொய் சொல்ல வேண்டிய இடத்தில் முகம் மாறாது. வாத்தியார் வேலை பார்த்தவள்தானே.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டாம் ஓலை. காகிதத்தின் மேல்முனையை நான் மடித்துக் கொடுத்தேன். நேராகப் பிடித்தார்.

மார்ச் 17, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை சொல்ல யாரும் இல்லை. சேகரச் செயலாளர் தவமணி வாத்தியார் மட்டும் வெளியே வரும்போது இவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தலைமையாசிரியராக இருந்தவர், ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் நோட்டைத் திருப்பி அனுப்புவார். "ஐயரம்மா, ஐயாவுக்கு ஒடம்பு ஒண்ணும் இல்லல்லா?" என்றார். சர்க்கரை என்றேன். சரி என்று போய்விட்டார்.

மார்ச் 27, புதன்

பிரிசி சென்னையிலிருந்து வந்துவிட்டாள். இடுப்பு வரை இருந்த முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் வாசலில் அவள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "மெலிஞ்சிட்டியேட்டி" என்றார். முடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் அப்பா திட்டுவார் என்று பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்திருப்பாள் போல. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி. கறுப்புப் பட்டை. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆனந்தபேரியில் நின்றார். களைத்துப்போய் வந்தோம். அங்கியைக் காரிலிருந்து எடுக்கக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 30, சனி

ஈஸ்டருக்கு நாலு வெள்ளை அங்கியும் இஸ்திரி போட்டு, வெள்ளைப் பட்டைகளை வைத்து, மூன்றைக் கம்பியில் மாட்டினேன். ஊக்குகளைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நேற்றைய அங்கி கறுப்புப் பட்டையோடு கடைசியில் தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை சலவைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று ஓரமாகத் தள்ளினேன். பிரிசி சாயங்காலம் காரைக் கழுவித் துடைத்தாள். கல்யாணப் பெண் செய்கிற வேலையா இது என்றால் கேட்கவில்லை.

மார்ச் 31, ஞாயிறு. ஈஸ்டர்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாவீதுபுரத்தில் விடியற்கால ஆராதனை அமோகமாக முடிந்தது. எட்டு மணிக்கு ஆனந்தபேரி. காரை நிறுத்தியதும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி பிறந்து பன்னிரண்டு நாளான பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டாள். இரண்டாம் மணி அடித்தது. இவர் காரின் கதவைத் திறந்து, கம்பியைத் தடவி, கைக்குக் கிட்ட இருந்த ஹேங்கரை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போவதை நான் பிள்ளையின் தலைக்கு மேலாகப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

பாடல் தொடங்கியது. பவனி வந்தது. சிலுவை, பாடகர் குழு, உபதேசியார், பிறகு இவர். வெள்ளை அங்கியின் மேல், தோளிலிருந்து முழங்கால் வரை, கறுப்புப் பட்டை.

பீடத்தில் ஏறித் திரும்பி, கையை விரித்து, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்றார். இருபது வயதுப் பையன் மாதிரி ஒரு சந்தோஷம் முகத்தில். மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்று சபை பதில் சொல்ல வேண்டும். பாதிப் பேர்தான் சொன்னார்கள். துக்கப் பட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் உயிர்த்தெழுதலை அறிவிக்கிறார். குழந்தைகள் தாய்மாரைப் பார்த்தன. பிரிசி என் முழங்கையைப் பிடித்தாள். "ம்மா, அந்த ஊக்கெல்லாம் துணியக் கிழிச்சிரும்னு நேத்து நான் எடுத்துட்டேன். ஹேங்கர எல்லாம் எறக்கித் தொடச்சுட்டுத் திரும்ப மாட்டுனேன்" என்றாள். "அப்பாவுக்குக் கண்ணு தெரியலையாம்மா?"

நான் எழுந்து வெளியே போனேன். காரிலிருந்து வெள்ளைப் பட்டையை எடுத்தேன். அடுத்த பாடல் தொடங்கும்வரை வாசலில் நின்றேன். பிறகு நடுவழியாக நடந்து பீடத்துக்கு ஏறினேன். ஐயரம்மா ஆராதனை நடுவே பீடத்தில் ஏறுவதை அந்த ஊர் பார்த்ததில்லை, நானும் ஏறியதில்லை. இவர் காலடிச் சத்தத்துக்குத் திரும்பினார்.

"யாரு?"

"நான்தான். குனியுங்க."

கறுப்பை எடுத்தேன். வெள்ளையைப் போட்டேன். துணியை விரலால் தடவினார், பிறகு என் கையிலிருந்ததைத் தடவினார். புரிந்துகொண்டார். முகத்திலிருந்த சந்தோஷம் மொத்தமாக வடிந்தது. அதைப் பார்த்ததற்கு நானும் குருடாக இருந்திருக்கலாம்.

சபை அந்தப் பாட்டை அவ்வளவு சத்தமாகப் பாடி நான் கேட்டதே இல்லை. பிரசங்கத்தில் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. மீதி இரண்டு கோயிலையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். உபதேசியாரை வாசலில் பிடித்துக் கேட்டேன், உள்ளறையில் பார்த்தபோதே சொல்லியிருக்கக் கூடாதா என்று. "ஐயா ஏதோ அர்த்தத்தோடதான் போட்டிருக்காவன்னு நெனச்சேன் ஐயரம்மா. பிரசங்கத்துல வெளக்குவாவன்னு இருந்தேன்" என்கிறார் அந்த மனுஷன்.

ஏப்ரல் 1, திங்கள்

தவமணி வாத்தியார் வந்தார். காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

இவரே ஆரம்பித்தார். "வாத்தியாரே, ஒங்ககிட்ட மறைச்சது தப்புதான்."

"மறைச்சியளா? திருவிருந்துல அப்பத்த வைக்க நீங்க என் உள்ளங்கையத் தேடுதது எனக்குத் தெரியாதா ஐயா? கிறிஸ்மஸ்ல இருந்தே சபைக்குத் தெரியும். நாங்கதான ஒங்க வெரலுக்குக் கிட்டக் கையக் கொண்டு வாறோம்."

இவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

வாத்தியார் மெதுவாகச் சொன்னார். "நம்ம சபை எம்புட்டு வேணாலும் மறைக்கும். ஆனா கல்யாணத்துக்கு வெளியூர் ஆளுவ வருவாவ. பதிவேட்ட ஐயர்தான் கைப்பட எழுதணும். நாளப்பின்ன எவனாவது, பாக்காம எழுதுன பதிவு செல்லாதும்பான். பிரிசி கல்யாணத்துல அப்படி ஒரு பேச்சு வரலாமா? பக்கத்துச் சேகரத்து ரிச்சர்ட் ஐயரக் கேட்டிருக்கேன். ஒங்க சம்மதத்துக்குத்தான் வந்தேன்."

பதிவேட்டை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். மற்ற எல்லாமே மனப்பாடத்தில் இருந்தது, அந்தக் கட்டம் போட்ட தாளைத் தவிர. இவர் சரி என்று தலையாட்டினார். வாத்தியார் போனதும், கண் தெரியாத மனுஷனுக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்த மட்டும் வழி நன்றாகத் தெரிந்தது. ராத்திரி சாப்பிடவில்லை. நான் வாத்தியாரை மனதுக்குள் திட்டினேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

இன்றும் ஒரு வாய் சாப்பிடவில்லை. பதினோரு மணிக்குப் பிரிசி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கதவருகில் நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"ஊக்க எடுத்தது நான்தான்ப்பா. என் மேல கோவமா?"

"ஒன் மேல என்னட்டி கோவம். ஒனக்கு நான் நடத்தி வைக்கணும்னு இருந்தேன். அது ஒண்ணுதான் கேட்டேன்."

"எங்கிட்டக் கேட்டியளா?"

இவர் தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை எல்லாப் புள்ளையளும் அப்பா மடியில உக்காந்திருக்கும். நான் அம்மாகூட முன்னால உக்காந்து ஒங்களப் பாத்துக்கிட்டு இருப்பேன். கிட்ட வர முடியாது. அடுத்த ஊருக்குப் போவையில கார்ல அந்தக் கம்பியில தொங்குத அங்கியப் பிடிச்சுக்கிடுவேன். ஒங்க வேர்வ வாசம் அதுல இருக்கும். எனக்கு ஞாயித்துக்கிழமை அப்பான்னா அதுதான். கல்யாணத்துலயும் நீங்க மேல நின்னுட்டா, என்னைய வாசல்ல இருந்து யாருப்பா கூட்டிட்டு வருவா? மாமாவக் கூப்புடலாம்னு அம்மா சொன்னா. எனக்கு மாமா வேண்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்து நாலு வருஷமாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். அங்கி கசங்குகிறது என்று அந்தக் கையைத் தட்டிவிட்டதும் நான்தான்.

பிறகு இவர், "முடிய எதுக்குட்டி வெட்டுன?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்குத் தலையில கை வச்சேம்லா. திட்டுனா கண்ணு தெரியும்னு காட்டிக்கிட்டிருக்கலாம். அழகா இருக்குமோ என்னமோன்னு விட்டுட்டேன்."

தட்டு காலியாக வெளியே வந்தது.

ஏப்ரல் 4, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கால் வலி தாங்கவில்லை, ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

இவர் பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையும். அங்கி இல்லாமல் இவரைக் கோயிலுக்குள் பார்த்து யாருக்கும் பழக்கமில்லை, இவருக்கே பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டு விட்டு எடுத்தார். வாசலில் பிரிசி இவர் கையைக் கோத்துக்கொண்டாள். அப்பா மகளை அழைத்து வருகிறார் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் நினைத்திருப்பார்கள். "படி... இன்னொண்ணு... நேரா" என்று அவள் உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். நம் சபைக்காரர்கள் அத்தனை பேரும் வழியிலிருந்து காலை மடக்கிக்கொண்டார்கள்.

ரிச்சர்ட் ஐயர் சின்ன வயசு. பெரிய ஐயர் முன்னால் நடத்துகிறோம் என்ற பதற்றத்தில் வியர்த்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. அடுத்த பக்கம் புரளாமல் ஒட்டிக்கொண்டுவிட்டது போல. புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். கோயில் முழுக்க அமைதி.

அந்த அமைதி இவருக்குப் பொறுக்கவில்லை. ஆராதனையில் எங்கே இடைவெளி விழுந்தாலும் நிரப்பிப் பழகிய வாய். மகளின் கையைப் பிடித்து நின்ற இடத்திலிருந்தே, நிமிர்ந்து, அதே கணீர்க் குரலில் கேட்டுவிட்டார்:

"இந்தப் பெண்ணை இந்தப் புருஷனுக்கு விவாகம் செய்து கொடுக்கிறவர் யார்?"

நானூறு கல்யாணத்தில் கேட்ட கேள்வி. எப்போதும் எதிரில் ஒருவர் இருப்பார், பதில் வரும். இவர் தலையைச் சாய்த்துப் பதிலுக்காகக் காத்திருந்தார். யாரும் பேசவில்லை. பிரிசி இவர் காதருகே குனிந்தாள்.

"நீங்கதாம்ப்பா."

இவர் முகம் மாறியது. பாமாலை முழுதும் மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு ஒரு சொல் வரவில்லை. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி விசும்பி விசும்பி அழுதார். அதற்கப்புறம்தான், "நான்தான். நான்தான் அவ அப்பா" என்றார்.